பன்றித் தோலிலும் மயிர்க்காலிலும் புரதத்தைத் தேடுவது எப்படி: ஆய்வகத்துக்குப் புதியவர்களுக்கு

பன்றித் தோலில் ஒரு புரதம் எந்த அடுக்கில் இருக்கிறது, மயிர்க்காலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று ஸ்லைடில் காட்டச் சொல்லி கைடு வேலை கொடுத்திருப்பார். கால்நடை மருத்துவத்தில் முதுகலை சேர்ந்தவர்களுக்கும், உயிர்த்தொழில்நுட்பம் படித்துவிட்டுத் தோல் ஆய்வுக்குள் வந்தவர்களுக்கும் இது வழக்கமாக வரும் வேலைதான். தேடும் புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியைத் தோல் சீவலில் போட்டு, அது ஒட்டிய இடத்தில் நிறம் ஏற்றிப் பார்ப்பதுதான் முறை. எல்லோரும் முதலில் செய்வது, ஆன்டிபாடி விலைப்பட்டியலைத் திறப்பது. அதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாம். பன்றித் தோலைப் பொறுத்தவரை முடிவு நன்றாக வருமா வராதா என்பதில் பெரும்பங்கு, ஆன்டிபாடி குப்பியைத் திறப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது: தோலை எப்படி எடுத்தோம், எந்தப் பக்கம் திருப்பி வைத்தோம், எதைக் கண்ட்ரோலாக வைத்தோம் என்பதில். அதனால் இந்த வழிகாட்டியும் அந்தப் பகுதிகளில்தான் அதிக நேரம் நிற்கும்.

பன்றி ஏன் என்று முதலில் ஒரு வார்த்தை. மனிதத் தோலுக்கு நெருங்கிய தோல் அதற்கு உண்டு. மேல்தோலின் தடிமன் ஏறக்குறைய அதே அளவு. முடி அடர்த்தியில்லாமல் இருக்கும். மேல்தோல் அடித்தோலுக்குள் விரல்விரலாக இறங்கும் மடிப்புகளும் உண்டு. எலித் தோலில் இவை கிடையாது. காயம் ஆறுவது, தீப்புண், தோல் வழி மருந்து செலுத்துதல் போன்ற ஆய்வுகளுக்குப் பன்றியைத் தேடுவது இதனால்தான். ஆனால் 'மனிதத் தோல் மாதிரியே' என்று நினைத்து மனித அட்லஸைப் பக்கத்தில் விரித்துவைத்துப் படித்தால் தவறிவிடுவோம். அது எங்கே என்று பின்னால் வருகிறது.

தோலை எடுப்பது

உயிருள்ள விலங்கிலிருந்து எடுப்பதாக இருந்தால், நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி எழுத்தில் கைக்கு வந்த பிறகுதான் கத்தியைத் தொட வேண்டும். 'கைடு வாங்கியிருப்பார்' என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் திட்டத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

இறைச்சிக்கூடத்திலிருந்து எடுப்பதாக இருந்தால், அங்கே ஒரு பொறி காத்திருக்கிறது. பன்றியை வெட்டியதும் முடி கழற்றுவதற்காக ஏறக்குறைய 60 டிகிரி வெந்நீரில் சில நிமிடம் அமிழ்த்துவார்கள். பிறகு சுரண்டுவார்கள், சில இடங்களில் தீயில் வாட்டவும் செய்வார்கள். அந்தச் சூட்டில் மேல்தோல் அடித்தோலிலிருந்து விட்டுப்போகிறது. ஆய்வகத்தில் மேல்தோலைத் தனியாக உரிக்க வேண்டுமானால் நாம் வேண்டுமென்றே செய்வதும் இதையேதான், 60 டிகிரி நீரில் ஒரு நிமிடம். சுரண்டும்போது முடித்தண்டும் அதைச் சுற்றியிருக்கும் உறைகளும் பிய்ந்துகொண்டு வரும். அப்படிப்பட்ட தோலில் மயிர்க்கால் என்று நீங்கள் பார்ப்பது பாதி வெறும் குழிதான். ஆகவே வெந்நீர்த் தொட்டிக்கு முன்னால், ரத்தம் வடிந்த கையோடு எடுத்துவிட வேண்டும். கூடத்தில் வேலை செய்பவரிடம் முதல் நாளே போய்ப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வேலை ஓடும்போது நடுவில் போய் நின்று கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது.

எல்லாப் பன்றிகளிலும் ஒரே இடம். முதுகின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், தோள்பட்டைக்குப் பின்னால் என்று முடிவு செய்தால் கடைசிப் பன்றி வரைக்கும் அதே இடம்தான். முதுகில் தோல் தடிமனாகவும் முடி முரடாகவும் இருக்கும். வயிற்றுப்புறமும் காதின் உட்புறமும் வேறு மாதிரி. இடத்தை மாற்றிவிட்டு இரண்டு குழுக்களை ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது சிகிச்சையின் விளைவையா, உடற்பகுதியின் வேறுபாட்டையா என்று யாராலும் சொல்ல முடியாது. இனம், பால், வயது, உடற்பகுதி, எடுத்த மாதம் எல்லாவற்றையும் அன்றே நோட்டில் எழுதுங்கள். மாதம் எதற்கு என்றால், முடியின் வளர்ச்சி பருவத்தோடு மாறும்.

முடியைக் கத்தரிக்கோலால் சில மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஒட்டச் சவரம் செய்தால் மேற்பரப்பின் கொம்படுக்கு கிழியும். முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற அடையாளமும் போய்விடும். முடி நீக்கும் கிரீம் வேண்டவே வேண்டாம். அது கெரட்டினின் கந்தகப் பிணைப்புகளை உடைத்துத்தான் வேலை செய்கிறது. கெரட்டினைத் தேடப் போகிற தோலில் அதைத் தடவுவானேன்?

மரத்துப்போகச் செய்ய லிக்னோகெயினை எடுக்கப்போகும் இடத்துக்குள்ளேயே ஏற்றினால் திசு ஊதிவிடும். அடித்தோல் நார்களுக்கிடையில் இல்லாத இடைவெளிகள் ஸ்லைடில் தெரியும், அதைப் பார்த்து 'வீக்கம்' என்று எழுதிவைப்போம். சுற்றிலும் வளையமாகப் போடுங்கள்.

பஞ்ச் (தோலை வட்டத் துண்டாக வெட்டி எடுக்கும் கருவி) அளவைப் பற்றி: மனிதத் தோலுக்கு வாங்கி வைத்த 3, 4 மி.மீ. பஞ்ச் பெட்டியில் இருக்கும், கை அதற்குத்தான் போகும். அதைத் தவிர்த்துவிட்டு 6 அல்லது 8 மி.மீ. பஞ்ச் எடுங்கள். வளர்ச்சிக் கட்டத்தில் உள்ள பன்றி மயிர்க்காலின் குமிழ், அதாவது அதன் அடிமுனை, அடித்தோலைத் தாண்டிக் கொழுப்பு வரைக்கும் இறங்கியிருக்கும். அதோடு அது சாய்வாகவும் இருக்கும். சின்னப் பஞ்ச் அதன் இடுப்பில் வெட்டிவிடும். குமிழ் விலங்கின் உடம்பிலேயே தங்கிவிடும். எடுத்த துண்டின் அடியில் வெள்ளைக் கொழுப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் ஆழம் போதவில்லை.

எடுத்த துண்டை அப்படியே ஃபார்மலினில் போட்டால் சுருண்டுகொள்ளும். ஒரு சிறு அட்டைத் துண்டில் கொழுப்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒட்டி, ஒரு நிமிடம் பொறுத்து, அட்டையோடு சேர்த்துப் போடுங்கள். முடி சாயும் திசையை அட்டையில் பென்சிலால் அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். இந்தச் சின்ன அம்புக்குறிதான் பின்னால் உங்கள் பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

10 சதவீத பஃபர்டு ஃபார்மலின், திசுவின் கன அளவைப்போல குறைந்தது 10 மடங்கு, அறை வெப்பத்தில் 24 மணி நேரம். அப்புறம் 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிவிடலாம். பண்டிகை விடுமுறை வந்துவிட்டது, இரண்டு வாரம் ஃபார்மலினிலேயே கிடக்கட்டும் என்று விட்டால் ஆன்டிபாடி ஒட்ட வேண்டிய இடங்கள் குறுக்குப்பிணைப்பில் மூடிக்கொள்ளும். அதே பன்றியிலிருந்து இன்னொரு துண்டைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து மைனஸ் 80-ல் வைத்துக்கொள்ளுங்கள். புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டுக்குத் தேவைப்படும்.

திருப்பி வைப்பதும் வெட்டுவதும்

பாரஃபினில் பதிக்கும்போது தோல் துண்டு படுத்திருக்கக் கூடாது, விளிம்பில் நிற்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எந்த விளிம்பில்? அங்கேதான் அம்புக்குறி. முடி சாயும் திசைக்கு இணையாகக் கத்தி ஓடினால், வாயிலிருந்து குமிழ் வரை ஒரு முழு மயிர்க்கால் ஒரே செக்ஷனில் (மெல்லிய சீவலில்) கிடைக்கும். குறுக்காக ஓடினால் ஒவ்வொரு மயிர்க்காலும் சாய்வாகத் துண்டுபட்டு முட்டை வடிவத் தீவுகளாகத் தெரியும். அந்தத் தீவு மயிர்க்காலின் மேல்பகுதியா, பல்ஜ் பகுதியா (ஸ்டெம் செல்கள் இருக்கும் இடம்), குமிழுக்கு மேலா என்று சொல்வது அனுபவசாலிக்கே சிரமம். முடி சாயும் திசையைக் குறிக்காமல் வந்த பிளாக்கை (பாரஃபினில் பதித்த கட்டியை) வெட்டிவிட்டு 'என் பன்றியில் மயிர்க்காலே சரியாக இல்லை' என்று புலம்புபவர்களைப் பல ஆய்வகங்களில் பார்க்கலாம்.

கிடைமட்டமாக ஒரு பிளாக்கும் போட்டு வையுங்கள். மயிர்க்கால்களை எண்ணுவதற்கு அது நல்லது. பன்றியில் அவை பெரும்பாலும் மூன்று மூன்றாகக் கூட்டமாக நிற்பதையும் அதில்தான் அழகாகப் பார்க்க முடியும்.

4 அல்லது 5 மைக்ரான் தடிமன் போதும். பன்றி முடி முரடு. கத்தியில் பட்டதும் செக்ஷனில் கோடு கோடாகக் கீறல் விழும். பிளாக் முகத்தை ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து வெட்டினால் குறையும். கத்தியின் இடத்தை அடிக்கடி நகர்த்துங்கள். வாட்டர் பாத் 40 முதல் 42 டிகிரி. ஸ்லைடு மின்னேற்றப் பூச்சு உள்ளதாக இருக்க வேண்டும், சாதாரண ஸ்லைடில் பன்றித் தோல் நிற்காது. கொலாஜன் நிறைந்த தடித்த அடித்தோல் சூடான பஃபரில் சுருங்கி விரிந்து கழன்றுவிடும். வெட்டிய ஸ்லைடுகளை 37 டிகிரியில் இரவு முழுக்கக் காயவிடுவது நல்ல பழக்கம்.

ஆன்டிபாடிக்கு முன் எச் அண்ட் ஈ

ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் ஒரு செக்ஷனைச் சாதாரண ஹீமடாக்சிலின்-ஈயோசின் சாயத்தில் பாருங்கள். இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கினாலும் தகும். நுண்ணோக்கியில் உட்கார்ந்து வரிசையாக அடையாளம் காணுங்கள்: மேல்தோலின் அடிச் செல் வரிசை, முள் செல் அடுக்கு, குருணை அடுக்கு, கொம்படுக்கு, மயிர்க்காலில் வெளி வேருறை, உள் வேருறை, முடித்தண்டு, குமிழின் மேட்ரிக்ஸ், அதற்குள் நெருப்புச் சுடர் வடிவில் ஏறி நிற்கும் டெர்மல் பாப்பில்லா, எண்ணெய்ச் சுரப்பி, முடியைச் சிலிர்க்கவைக்கும் தசை.

மனித அட்லஸ் ஏமாற்றும் இடம் இதுதான். பன்றியின் உடல் தோலில், ஆழத்தில் சுருண்டு கிடக்கும் சுரப்பியைப் பார்த்ததும் புதியவர்கள் மனிதருக்கு உள்ளது போன்ற நீர் வியர்வைச் சுரப்பி என்று எழுதிவிடுவார்கள். அது அப்போக்ரைன் வகை, மயிர்க்காலுக்குள் திறக்கும் சுரப்பி. நீர் வியர்வைச் சுரப்பிகள் பன்றிக்கு மூக்குத் தட்டு போன்ற ஒருசில இடங்களில் மட்டுமே உண்டு. உடல் முழுக்க வியர்த்துக் குளிரும் வழி அதற்கு இல்லை. இன்னொரு வேறுபாடு: மூன்று மயிர்க்கால் கூட்டத்துக்குக் குறுக்கே, அவற்றை இணைப்பதுபோல ஒரு மென்தசைக் கற்றை ஓடும். அதை ரத்தக்குழாய்ச் சுவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

மயிர்க்கால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் இங்கேயே குறித்துவிடுங்கள். குமிழ் பெரிதாகி, பாப்பில்லாவைச் சுற்றி மேட்ரிக்ஸ் செல்கள் அடர்ந்திருந்தால் வளர்ச்சிக் கட்டம். குமிழ் சுருங்கி மேலே ஏறிக்கொண்டிருந்தால் பின்வாங்கும் கட்டம். சின்னதாக, கதாயுதம் போன்ற முனையோடு மேலே நின்றால் ஓய்வுக் கட்டம். ஆய்வக எலியில் இளம் வயதில் முதுகு முழுக்க ஒரே கட்டத்தில் இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் பன்றியிலும் அதை எதிர்பார்க்கக் கூடாது. ஓய்வுக் கட்டக் குமிழில் செல்பிரிவைக் காட்டும் புரதம் இல்லையென்றால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

எந்தப் புரதம், எந்த ஆன்டிபாடி

உங்கள் திட்டத்தின் புரதம் எதுவானாலும், முதலில் தெரிந்த புரதங்களில் கையைப் பழக்குங்கள். என் தேர்வு கெரட்டின் 14-ம் கெரட்டின் 10-ம். அடுத்தடுத்த இரண்டு செக்ஷன்களில் போட வேண்டும். கெரட்டின் 14 மேல்தோலின் அடிவரிசையிலும் வெளி வேருறையிலும் பிடிக்கும். கெரட்டின் 10 அதற்கு மேலே உள்ள அடுக்குகளில் பிடிக்கும், அடிவரிசையை விட்டுவிடும். மயிர்க்காலின் வாய்ப்பகுதியில் மேல்தோலோடு சேர்ந்து கெரட்டின் 10 இறங்கிவரும், பிறகு ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்குக் கீழே வெளி வேருறையில் இருக்காது. இந்த இரண்டு ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் பழுப்பு (ஆன்டிபாடி ஒட்டிய இடம்) இருக்கும் இடம் மற்றதில் நீலமாக (ஒட்டாத இடத்தில் தெரியும் ஹீமடாக்சிலின்) இருக்கும். அப்படி வந்துவிட்டால் உங்கள் முறை வேலை செய்கிறது என்று பொருள். இரண்டிலும் எல்லாமே பழுப்பு என்றால் திட்டப் புரதத்துக்குப் போகும் நேரம் இன்னும் வரவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செல்பிரிவுக்குக் கேஐ-67 அல்லது பி.சி.என்.ஏ. அடிவரிசைக் கருக்களுக்குப் பி63. முதிர்ந்த மேல்தோலுக்கு இன்வலூக்ரின், லோரிக்ரின், ஃபிலாக்ரின். பல்ஜ் பகுதியில் உள்ள ஸ்டெம் செல்களைக் காட்டப் பெரும்பாலும் பயன்படுத்துவது கெரட்டின் 15. ஆனால் அது அடிவரிசையிலும் வரக்கூடும், ஆகவே அதை மட்டும் வைத்து 'ஸ்டெம் செல் கண்டேன்' என்று எழுதாதீர்கள். அடித்தளச் சவ்வுக்குக் கொலாஜன் 4, லாமினின்.

இப்போதுதான் விலைப்பட்டியல். சந்தையில் உள்ள ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை மனிதப் புரதத்தையோ எலிப் புரதத்தையோ மனதில் வைத்துச் செய்தவை. தகவல் தாளில் பன்றியின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் யூனிபுராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் பன்றிப் புரதத்தின் அமினோ அமில வரிசையையும் மனித வரிசையையும் எடுத்து, ஆன்டிபாடியை எந்தத் துண்டுக்கு எதிராகச் செய்தார்களோ அந்தத் துண்டு மட்டும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று ஒப்பிடுங்கள். முழுப் புரதமும் 90 சதவீதம் ஒத்துப்போவது உதவாது, ஒட்டும் துண்டு ஒத்துப்போக வேண்டும். சில ஆன்டிபாடிகள் நமக்குச் சாதகமாகவே பிறந்தவை. விமென்டினுக்கான வி9 என்ற புகழ்பெற்ற குளோன் (ஒரே செல் வழியிலிருந்து வரும் ஆன்டிபாடி) பன்றியின் கண் லென்ஸிலிருந்து பிரித்த விமென்டினை வைத்தே உருவாக்கப்பட்டது. பன்றியில் பிடிக்குமா என்று கவலைப்படவே வேண்டாம். ஆல்ஃபா மென்தசை ஆக்டினுக்கான 1ஏ4 குளோனும் பல விலங்குகளில் ஒன்றுபோல வேலை செய்யும், ஏனென்றால் ஆக்டின் விலங்குகளுக்கிடையில் மாறவே மாறாத புரதங்களில் ஒன்று.

புரதத்தில் ஒட்டிய முதல் நிலை ஆன்டிபாடியைப் பிடித்து நிறம் காட்ட உதவும் இரண்டாம் நிலை ஆன்டிபாடியை வாங்கும்போது, பன்றி சீரத்தில் ஊறவைத்துக் குறுக்கு வினை நீக்கியதா என்று பாருங்கள். தோலில் பன்றியின் சொந்த இம்யூனோகுளோபுலின் நிறைய இருக்கிறது. அதில் ஒட்டினால் அடித்தோல் முழுக்க மங்கலான பழுப்புப் படலம் தெரியும்.

சாயமேற்றும் இரண்டு நாள்

முதல் நாள். சைலீனில் ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று முறை, பிறகு 100, 95, 70 சதவீத ஆல்கஹால், பிறகு தண்ணீர். அடுத்தது ஆன்டிஜென் மீட்பு, அதாவது ஃபார்மலின் மூடிய ஒட்டுமிடங்களைச் சூட்டில் திறப்பது: 10 மில்லிமோலார் சிட்ரேட் பஃபர், பி.எச். 6.0, 95 டிகிரியில் 20 நிமிடம், அதே பஃபரிலேயே அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். மைக்ரோவேவில் கொதிக்கவிட்டால் குமிழிகள் தோலைத் தூக்கி எறியும். கொதிக்காத வாட்டர் பாத்தே மேல். அதிலும் செக்ஷன் கழன்றால் அதே பஃபரில் 60 டிகிரியில் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். மெதுவான முறை, ஆனால் தோல் அப்படியே இருக்கும். சிட்ரேட்டில் ஒன்றும் பிடிக்கவில்லையென்றால் பி.எச். 9.0 டிரிஸ்-ஈ.டி.டி.ஏ. பஃபர். கருவில் இருக்கும் புரதங்களுக்கு இது பல சமயம் நன்றாக வேலை செய்கிறது.

3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம், திசுவின் சொந்த பெராக்ஸிடேஸை அடக்க. இதைத் தவிர்த்தால் சிவப்பணுக்கள் எல்லாம் பழுப்பாகும். கழுவி, செக்ஷனைச் சுற்றி மெழுகுப் பேனாவால் வட்டம் போட்டு, இரண்டாம் நிலை ஆன்டிபாடி எந்த விலங்கில் செய்யப்பட்டதோ அந்த விலங்கின் சாதாரண சீரம் 5 சதவீதம் அரை மணி நேரம். பிறகு முதல் நிலை ஆன்டிபாடி, ஈரப்பெட்டியில் 4 டிகிரியில் இரவு முழுக்க. புது ஆன்டிபாடி என்றால் 1:100, 1:200, 1:400, 1:800 என்று நான்கு நீர்ப்புகளில் ஒரே பிளாக்கின் செக்ஷன்களைப் போடுங்கள். தாளில் எழுதியிருக்கும் நீர்ப்பு அவர்களுடைய திசுவுக்கானது.

ஒரு செக்ஷன்கூட காயக் கூடாது. ஓரம் காய்ந்தால் அந்த ஓரம் அடர்பழுப்பாக வந்து நிற்கும். பார்ப்பதற்கு உண்மையான முடிவைவிட அழகாகவே இருக்கும், அதுதான் ஆபத்து.

இரண்டாம் நாள். பி.பி.எஸ்.-ட்வீன் கழுவல் ஐந்து நிமிடம் மூன்று முறை. பாலிமரோடு இணைந்த எச்.ஆர்.பி. (நிறம் உண்டாக்கும் பெராக்ஸிடேஸ் நொதி) இரண்டாம் நிலை ஆன்டிபாடி 30 நிமிடம். மறுபடி கழுவல். சோடியம் அசைடு சேர்த்த பஃபரை இந்தக் கட்டத்தில் தவறிக்கூடத் தொடாதீர்கள், அசைடு எச்.ஆர்.பி.யை முடக்கிவிடும். பிறகு டி.ஏ.பி., அந்த நொதி பட்டதும் பழுப்பாகும் சாயம். கையுறையோடுதான், கழிவு தனிப் பாட்டிலில். புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று சந்தேகிக்கப்படும் பொருள் அது. முதல் ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்து நிறம் ஏறுவதைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யுங்கள், பெரும்பாலும் 2 முதல் 5 நிமிடத்துக்குள் இருக்கும். முடிவு செய்த பிறகு எல்லா ஸ்லைடுகளுக்கும் நொடி பிசகாமல் அதே நேரம். இந்த ஸ்லைடு கொஞ்சம் வெளிறியிருக்கிறதே, இன்னும் ஒரு நிமிடம் விடலாம் என்று கருணை காட்டினால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது. ஹீமடாக்சிலின் லேசாக, அரை நிமிடம் போதும். அடர்த்தியாகப் போட்டால் கருவில் இருக்கும் பழுப்பு மறைந்துவிடும். ஆல்கஹால், சைலீன், டி.பி.எக்ஸ்., கவர்ஸ்லிப்.

கண்ட்ரோல்

ஒவ்வொரு தடவையும், விதிவிலக்கு இல்லாமல், முதல் நிலை ஆன்டிபாடி போடாத ஒரு ஸ்லைடு. அதே இனத்து, அதே செறிவுள்ள ஐசோடைப் ஆன்டிபாடி (உங்கள் புரதத்தைக் குறிவைக்காத அதே வகை ஆன்டிபாடி) போட்ட ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. முதல் ஸ்லைடில் முடித்தண்டும் கொம்படுக்கும் லேசாகப் பழுப்பாக வருவதைப் பார்ப்பீர்கள். உள் வேருறையும் சில சமயம் அப்படித்தான். இவை எதையும் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒட்டும் இடங்கள். உங்கள் புரதம் 'முடித்தண்டில் வலுவாக வெளிப்படுகிறது' என்று எழுதுவதற்கு முன் இந்த ஸ்லைடை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், தோல் தன் கண்ட்ரோலைத் தானே சுமந்துகொண்டு வருகிறது. ஆல்ஃபா மென்தசை ஆக்டின் போட்ட ஒரே செக்ஷனில் ரத்தக்குழாய்ச் சுவர், சிலிர்க்கும் தசை, அப்போக்ரைன் சுரப்பியைச் சுற்றியுள்ள மயோஎபிதீலியச் செல்கள், மயிர்க்காலைச் சுற்றிய அடித்தோல் உறை நான்கும் பிடிக்க வேண்டும். மேல்தோல் சுத்தமாக நீலமாக இருக்க வேண்டும். இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதும் இருக்கக் கூடாத இடத்தில் இல்லாததும் ஒரே கண்ணோட்டத்தில் தெரிகிறது. உங்கள் திட்டப் புரதத்துக்கும் இதேபோல 'இங்கே இருக்கக் கூடாது' என்று ஓர் இடத்தை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு ஸ்லைடைப் பாருங்கள். பார்த்த பிறகு யோசித்தால் மனம் எதையாவது நியாயம் கற்பித்துவிடும்.

கறுப்புப் பன்றியும் வெள்ளைப் பன்றியும்

நம்மூர்ப் பண்ணைகளில் இருப்பது பெரும்பாலும் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயரும் அதன் கலப்பும். நாட்டுப் பன்றிகளும், வங்காளத்தின் குங்குரூ போன்ற இனங்களும் கறுப்பு. இந்த நிற வேறுபாடு ஸ்லைடில் இரண்டு விதத்தில் உங்களைச் சோதிக்கும்.

கறுப்புப் பன்றியில் மெலனின் பழுப்பு நிறம். டி.ஏ.பி.யும் பழுப்பு. அடிவரிசையிலும் குமிழின் மேட்ரிக்ஸிலும் மெலனின் குவிந்திருக்கும். நீங்கள் தேடும் புரதங்களில் பாதி இருப்பதும் அங்கேதான். ஆன்டிபாடி போடாத ஸ்லைடில் அந்தப் பழுப்பு அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. அப்புறம் சிவப்பு நிறம் தரும் குரோமோஜனுக்கு மாறலாம், அல்லது டி.ஏ.பி.யை வைத்துக்கொண்டு ஹீமடாக்சிலினுக்குப் பதில் ஜீம்சா போடலாம். அதில் மெலனின் பச்சை கலந்த நிறமாகும், டி.ஏ.பி. பழுப்பாகவே நிற்கும். நிறமியை வெளுக்கவைப்பதும் ஒரு வழி, ஆனால் அது ஆன்டிஜெனையும் சேர்த்துச் சிதைக்கலாம் என்பதால் நான் கடைசியில்தான் அங்கே போவேன்.

வெள்ளைப் பன்றியில் சோதனை தலைகீழ். டைரோசினேஸ் போன்ற மெலனோசைட் புரதத்தைத் தேடுபவர் லார்ஜ் ஒயிட்டின் தோலில் ஒன்றும் கிடைக்காமல் ஆன்டிபாடியைத் திட்டுவார். லார்ஜ் ஒயிட்டின் வெள்ளைக்குக் காரணம் கிட் என்ற ஜீனில் உள்ள இரட்டிப்பும் பிளவு இடத்து மாற்றமும் என்று ஸ்வீடனில் லீஃப் ஆண்டர்சன் குழுவினர் 1990களில் காட்டினார்கள். மெலனோசைட்டின் முன்னோடிச் செல்கள் கருவில் நரம்பு முகட்டிலிருந்து தோலுக்குப் பயணம் செய்து பிழைத்திருக்க இந்தப் புரதம் தேவை. அது பழுதாகும்போது செல்களே தோலுக்கு வந்து சேர்வதில்லை. நிறமியைச் செய்யும் செல்லே இல்லாத இடத்தில் அதன் நொதி எப்படிப் பிடிக்கும்? டியூராக்கின் சிவப்பு வேறு கதை, அங்கே எம்.சி.1.ஆர். என்ற ஏற்பியில் மாற்றம், மெலனோசைட் இருக்கிறது, செய்யும் நிறமியின் வகைதான் மாறியிருக்கிறது. ஆகவே நிறம் சார்ந்த எந்தப் புரதத்துக்கும் இனத்தைத் தேர்ந்தெடுப்பதே பரிசோதனையின் பாதி.

வெஸ்டர்ன் பிளாட்டில் உறுதிசெய்வது

பழுப்பு நிறம் தெரிந்த இடத்தில் இருப்பது உங்கள் புரதம்தானா என்று கேட்பவர்களுக்குச் சரியான மூலக்கூறு எடையில் ஒரு பட்டை காட்ட வேண்டும். இங்கே இரண்டு சிக்கல். முதலாவது, பன்றியில் அடித்தோல் மேல்தோலைவிட 10 முதல் 13 மடங்கு தடிமன். முழுத் தோலையும் அரைத்தால் மேல்தோல் புரதம் கொலாஜன் கடலில் கரைந்துபோகும். மேலே சொன்ன 60 டிகிரி முறையிலோ, டிஸ்பேஸ் நொதியில் 4 டிகிரியில் இரவு முழுக்க ஊறவைத்தோ மேல்தோலைத் தனியே உரித்து எடுங்கள். இரண்டாவது, கெரட்டின்கள் திசுவிலிருந்து புரதம் பிரிக்க வழக்கமாக எடுக்கும் ரிபா பஃபரில் கரையாது. 8 மோலார் யூரியாவும் கந்தகப் பிணைப்பை உடைக்கும் டி.டி.டி.யும் வேண்டும். ரிபாவில் கரையாமல் அடியில் தங்கியதைக் கொட்டிவிட்டு 'கெரட்டின் குறைந்திருக்கிறது' என்று முடிவெடுப்பது இந்தத் துறையில் பழைய விபத்து.

கையுறை போடாமல் ஜெல்லைத் தொட்டால் உங்கள் விரல் கெரட்டினும் பட்டையாக வரும். பன்றிக் கெரட்டினைப் பிடிக்கும் ஆன்டிபாடி மனிதக் கெரட்டினை இன்னும் ஆசையாகப் பிடிக்கும். ஒப்பீட்டுக்கு எல்லாச் செல்லிலும் இருக்கும் ஜி.ஏ.பி.டி.எச். புரதம் ஒன்றையே நம்பாமல், சவ்வைப் பான்சோ சாயத்தில் நனைத்து மொத்தப் புரத அளவையும் படமெடுத்து வையுங்கள்.

எண்ணிக்கை

டி.ஏ.பி.யின் நிற அடர்த்தி புரதத்தின் அளவுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. இமேஜ்ஜே என்ற பட அளவை மென்பொருளில் நிறங்களைப் பிரித்து அடர்த்தியை அளந்து, 'இரண்டு மடங்கு கூடியது' என்று எழுதினால் விவரமறிந்த நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார். கருவில் உள்ள புரதம் என்றால் நூறு செல்லில் எத்தனை பிடித்தது என்று எண்ணுவதே நேர்மையான வழி. மற்றவற்றுக்கு 0 முதல் 300 வரை ஓடும் எச்-ஸ்கோர் போன்ற மதிப்பெண் முறை. மயிர்க்காலின் பகுதிகளைத் தனித்தனியாக மதிப்பிடுங்கள். குமிழும் பல்ஜும் சேர்ந்த சராசரிக்குப் பொருள் கிடையாது. வளர்ச்சிக் கட்ட மயிர்க்காலை வளர்ச்சிக் கட்டத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். எந்த ஸ்லைடு எந்தக் குழு என்று தெரியாதபடி வேறொருவர் லேபிளை மறைத்துக் கொடுக்கட்டும்.

புள்ளியியலுக்குப் போகும்போது ஒன்று. மூன்று பன்றிகளில் இருந்து தலா 20 மயிர்க்கால் எண்ணியிருந்தால் உங்கள் மாதிரி எண்ணிக்கை 3. அது 60 ஆகாது. ஒரே பன்றியின் மயிர்க்கால்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், ஏனென்றால் 60 என்று போட்டால்தான் பி-மதிப்பு அழகாக வருகிறது. திட்டம் போடும்போதே எத்தனை பன்றி என்று புள்ளியியல் தெரிந்தவரிடம் கேட்டுவிடுங்கள், செக்ஷன் வெட்டிய பிறகு கேட்டு ஒன்றும் செய்ய முடியாது.

நோட்டில் ஆன்டிபாடியின் குளோன் பெயர், லாட் எண், நீர்ப்பு, மீட்பு பஃபரின் பி.எச்., டி.ஏ.பி. நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். பாலிக்குளோனல் என்றால் லாட் மாறும்போது நடத்தையும் மாறலாம். புது லாட் வந்தால் பழைய பிளாக் ஒன்றில் போட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள். வெட்டி வைத்த ஸ்லைடுகள் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் சில புரதங்கள் மங்கிவிடும், அதனால் தேவைக்கு மட்டும் வெட்டி, மீதியைப் பிளாக்காகவே வெட்டிய முகத்தில் உருகிய பாரஃபின் பூசிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.